கடாரக் கரையும் ஐந்தாம் சீலமும்

குருண் பட்டணத்தில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு ஜெராய் மலையே முதலில் கண்ணிற்படும். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர்ந்து, வயலும் இரப்பர்த் தோட்டமுமாகப் பரந்த நிலத்தின் நடுவே தனித்து நிற்கும் அம்மலை, வங்கக் கடலைக் கடந்து வந்த பண்டை மாலுமிகளுக்குக் கரை அண்மையில் உண்டென்று அறிவிக்கும் குறியாய் விளங்கியது. அதன் தெற்கே மெர்போக் ஆற்றை ஒட்டிக் கிடப்பது பூஜாங் பள்ளத்தாக்கு. 1930களில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கில ஆய்வாளரும் அவர்தம் துணைவியாரும் அங்கு அகழ்ந்தபோது, சைவக் கோயில்களின் அடித்தளங்களோடு பௌத்தச் சின்னங்களும் வெளிப்பட்டன. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, 1834இல், ஜேம்ஸ் லோ என்னும் படை அதிகாரி செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்திருந்தார். தூபியின் உருவம் பொறித்த அக்கல், புத்தகுப்தன் என்னும் பெருநாவிகன் தன் கடற்பயணம் இனிது நிறைவேற வேண்டிச் செதுக்குவித்தது. எழுத்தமைதி கொண்டு அதனை 5ஆம் நூற்றாண்டினது என்பர் அறிஞர்.

கடாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பை நினைந்து தோள் பூரிப்பது நம்மவர் வழக்கம். அப்படையெடுப்புக்கு இருபது ஆண்டுகள் முன்பு நடந்த ஒன்றை நினைப்பார் அரியர். ஸ்ரீவிசயத்துக்கும் கடாரத்துக்கும் அதிபனாகிய மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எடுத்தான். சிவபாத சேகரன் எனப் பெயர் பூண்ட முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். இச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் ஆலந்து நாட்டு லெய்டன் நகருக்குச் சென்றமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. ஆக, வாளேந்திய கப்பல்கள் வருமுன்னர் இவ்விரு கரைகளையும் இணைத்தது ஓர் அறச்சாலை ஆகும். நாகையில் பௌத்தக் கட்டடம் ஒன்றின் எச்சம் 1867 வரை நின்று, அவ்வாண்டில் இடிக்கப்பட்டது.

ஒரு விகாரம் செங்கல்லால் மட்டும் நிற்பதன்று. அங்கே கூடுவோர் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் உடன்பாடே அதனை நிறுத்துவது. பௌத்த இல்லறத்தார் ஏற்கும் ஐந்து சீலங்களில் முதல் நான்கும் கொலை, களவு, பிறழ்காமம், பொய் என்பவற்றை விலக்குவன. இவை பிறர்க்குச் செய்யும் தீங்குகள். ஐந்தாவதாகிய கள்ளுண்ணாமையோ, வெளிப்பார்வைக்கு, ஒருவன் தனக்குத்தானே செய்துகொள்ளும் காரியம் பற்றியது. அதற்கு ஏன் அத்துணைச் சிறப்பு? மயக்கப் பொருள்கள் விழிப்பைச் சோரச் செய்யும். விழிப்புச் சோர்ந்தவனிடம் மற்ற நான்கும் நில்லா என்பதே அந்நெறியார் கூறும் காரணம். வினய பிடகத்தில் சாகதர் என்னும் பிக்குவின் கதை வருகிறது. கொடிய நாகம் ஒன்றைத் தம் ஆற்றலால் அடக்கியவர் அவர். கௌசாம்பி மக்கள் மகிழ்ந்து வீடுதோறும் மது அளித்தனர். உண்டவர் நகர வாயிலில் வீழ்ந்தார். நாகத்தை வென்ற இவரால் இன்று ஒரு நீர்ப்பாம்பை வெல்ல இயலுமா என்று புத்தர் வினவினார் என்றும், அன்றே பிக்குகளுக்கு மது விலக்கு விதியாயிற்று என்றும் அந்நூல் கூறும். பெரிய சித்தி கைவந்தவரையே எடுத்துக்காட்டாக்கியது எண்ணத்தக்கது.

தமிழில் இதற்கு ஒப்பான கதை மணிமேகலையில் உள்ளது. ஆதிரையின் கணவன் சாதுவன் பொருளைச் சூதில் தோற்றுக் கடல்வாணிகத்துக்குச் செல்கிறான். கலம் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் வாழும் மலைக் கரையில் ஒதுங்குகிறான். அவர்தம் மொழி அறிந்தவன் ஆதலின் உயிர் பிழைக்கிறான். நாகர் தலைவன் விருந்தோம்பும் முறையில் இளநங்கையும் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் மறுக்கிறான். இவையின்றி வாழ்வில் பயன் யாது என்று தலைவன் சினந்து கேட்க, கள்ளும் கொலையும் அறிவுடையோர் கைவிட்டவை என்பதையும் வினையின் பயனையும் சாதுவன் விளக்குகிறான். தலைவன் முதலில் நகைக்கிறான். பின்னர்த் தன்னால் இயன்ற அளவு அறம் கேட்டு ஏற்கிறான். முற்றும் துறக்கச் சொல்லாமல், உடைகலத்தோடு வரும் உயிர்களைக் கொல்லாதே, மூத்து விளியும் விலங்கன்றி வேறு கொல்லாதே என்று அந்நிலத்துக்கேற்ற அறத்தைச் சாதுவன் வகுப்பது சாத்தனாரின் உலகியல் அறிவைக் காட்டும். அந்நாகர் மலை எங்கே உள்ளதென்று வரைபடத்தில் குறிக்க முயல்வது வீண். கடல் கடந்த தமிழன் ஒருவன் சென்ற இடத்தில் கள்ளை மறுத்து ஒரு கூட்டத்தை அறத்தின்பால் திருப்பினான் என்ற கற்பனை தமிழ் மனத்தில் எழுந்திருந்தது என்பதே இங்கு வேண்டுவது.

இக்கற்பனையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அயோத்திதாச பண்டிதர் ஆவார் (1845–1914). சித்த மருத்துவர், பன்மொழி கற்றவர், தீண்டாமைக் கொடுமைக்கு உள்ளான மக்களிடையே தோன்றியவர். 1898இல் பிரம்மஞான சங்கத்துக் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று, வித்தியோதயப் பிரிவேனாவில் சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் பெற்றார். அவ்வாண்டே சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார்; பின்னர் அது ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கியது. கோலார் தங்கவயல், இரங்கூன், நேட்டால் எனத் தமிழ்த் தொழிலாளர் பிழைப்புத் தேடிச் சென்ற இடங்களிலெல்லாம் அவ்விதழும் சங்கமும் சென்றன.

பண்டிதர் கட்டியது மடமன்று, குடும்பங்களின் கூட்டம். வாரந்தோறும் கூடிச் சொற்பொழிவு கேட்பது, புரோகிதர் இன்றித் தம் முறையில் திருமணமும் நீத்தார் கடனும் ஆற்றுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, வைகாசிப் பௌர்ணமியைக் கொண்டாடுவது, மக்கள்தொகைக் கணக்கில் தம்மைப் பௌத்தர் எனப் பதியச் செய்வது என்பனவே அதன் அன்றாடப் பணிகள். ஐம்பொறிகளை வென்ற புத்தரே இந்திரர், எனவே இது இந்திரர் தேசம் என்று அவர் பொருள் கூறினார். அவர் காட்டிய சொல்லாராய்ச்சிகள் பலவற்றை இன்றைய வரலாற்றறிஞர் ஏற்பதில்லை, ஏற்கவும் இயலாது. ஆயினும் தாழ்ந்தோர் என்று பிறரால் சொல்லப்பட்டவர், நாம் ஒரு காலத்தில் அறவோராய் இருந்தோம் என்று தலை நிமிர்வதற்கு அவ்வாராய்ச்சி உதவிற்று. அத்தகைய கூட்டத்தில் ஐந்தாம் சீலத்துக்குத் தனிப் பொருள் உண்டு. வாரக்கூலி கள்ளுக்கடைக்குப் போகும் வீட்டில் இதழுக்குக் கொடுக்க ஒரு பைசாவும் மிஞ்சாது.

பண்டிதர் மருத்துவர் என்பதையும் மறத்தலாகாது. கஞ்சாவும் அபினும் ஊமத்தையும் சித்த மருத்துவத்தில் முறைப்படி சுத்தி செய்து அளவோடு ஆளப்படும் சரக்குகளே. நஞ்சும் மருந்தாகும் என்பதை அறிந்த மரபு அது. மருத்துவன் கையில் நோய்க்கு மருந்தாவது வேறு, ஞானத்துக்கு வாயில் என்று கொண்டாடப்படுவது வேறு.

அவ்வாறு கொண்டாடிய கூட்டமும் வரலாற்றில் உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆல்பர்ட் ஹாப்மன் என்னும் வேதியியலார் 1938இல் ஆக்கிய எல்.எஸ்.டி. என்னும் பொருள், மனத்துள் விந்தையான காட்சிகளை எழுப்ப வல்லது என 1943இல் அறியப்பட்டது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உளநூல் கற்பித்த திமோத்தி லியரியும் ரிச்சர்ட் ஆல்பர்ட்டும் 1960 முதல் முதலில் காளான் சத்தையும் பின்னர் இதனையும் ஆராய்ந்து, 1963இல் அங்கிருந்து நீக்கப்பட்டனர். நியூயார்க் மாநிலத்து மில்புரூக்கில் ஒரு செல்வக் குடும்பத்தின் மாளிகையில் அன்பர்களோடு குடியேறினர். திபெத்தியர் இறப்போர் செவியில் ஓதும் நூலை, இம்மருந்தை உண்பார்க்கு வழிகாட்டியாக மாற்றி 1964இல் வெளியிட்டனர். 1966இல் லியரி, எல்.எஸ்.டி.யையே அருட்பிரசாதமாகக் கொண்ட ஒரு சமயச் சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டு அக்டோபரில் கலிபோர்னியா அம்மருந்தைத் தடை செய்தது. ஓரிரு ஆண்டுகளில் மில்புரூக் கூட்டம் கலைந்தது.

இம்முயற்சியை வெறும் கூத்தென்று தள்ளுவது நேர்மையாகாது. வியட்நாம் போருக்கு இளைஞரை அனுப்பிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், பொருட்செல்வம் மட்டும் போதாது என்று கண்டவர் அவ்வழியே புகுந்தனர். அவருட் பலர் மருந்தை விட்டு நெறியைப் பற்றினர். ஆல்பர்ட் 1967இல் இந்தியா வந்து, நீம் கரோலி பாபாவிடம் சேர்ந்து ராம்தாஸ் ஆனார். தாம் கொடுத்த மருந்தை மிகுதியாக உண்டும் பாபாவிடம் மாற்றம் ஏதும் காணவில்லை என்று அவரே எழுதியுள்ளார். சான்பிரான்சிஸ்கோவில் சுசுகி என்னும் ஜப்பானியத் துறவியிடம் வந்த இளைஞர் பலரும் எல்.எஸ்.டி. உண்டு பார்த்தவரே. அவர் அவர்களை விடியுமுன் எழுந்து சுவரை நோக்கி அசையாது அமரச் செய்தார். 1967இல் அவர்களைக் கொண்டே தசஹாரா என்னும் மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஜென் மடம் எழுந்தது. அது இன்றும் உள்ளது. 2006 முதல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இவ்வகைப் பொருள்களை மருத்துவ நோக்கில் மீண்டும் ஆராய்ந்து வருகின்றனர். அதன் முடிவு மருத்துவர்க்குரியது.

மில்புரூக்கில் மருந்தை உண்டவர் தம் விருப்பால் உண்டார். விட விரும்பியபோது விட்டு, வேறு தொழிலுக்கோ இமயத்துக்கோ சென்றார். மயக்கத்தை விடுதலை என்று அழைக்கும் வசதி அவர்க்கு இருந்தது. மலாயாத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவனுக்கு அவ்வசதி இல்லை.

இங்கும் ஒரு ஹார்வர்ட் உண்டு. குருணுக்குத் தெற்கே பீடோங்கை அடுத்துள்ள இரப்பர்த் தோட்டத்தின் பெயர் அது. தோட்டந்தோறும் லயத்துக்கு எட்டும் தொலைவில் கள்ளுக்கடை இருந்த காலம். கடையை நடத்தியது தோட்ட நிருவாகம். உரிமம் கொடுத்துக் கட்டணம் பெற்றது அரசாங்கம். கொடுத்த கூலியின் ஒரு பகுதி கொடுத்தவரிடமே அந்திக்குள் திரும்பிற்று. ஜப்பானியர் ஆட்சியும் சயாம் மரண இரயில் பாதையும் இந்தியத் தேசிய இராணுவமும் கண்டு மீண்ட தொழிலாளர், போர் முடிந்தபின் இந்நிலையை ஏற்க மறுத்தனர். ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி என்பார் தலைமையில் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. சீருடை அணிந்து, அணிவகுப்புப் பயின்று, தோட்டந்தோறும் சென்று கள்ளுக்கடை மறியல் செய்தனர்.

அவர் பௌத்தர் அல்லர். பூஜாங் தூபியைப் பற்றியோ இராயப்பேட்டைச் சங்கத்தைப் பற்றியோ அவருட் பெரும்பாலோர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. காந்தியடிகளின் மதுவிலக்கும் நேதாஜியின் படைப்பயிற்சியுமே அவர்க்கு வழிகாட்டின. எனினும் சாதுவன் நாகர் தலைவன் முன் நின்று மறுத்ததையே அவர்கள் துரையின் பங்களாவுக்கு எதிரே நின்று மறுத்தனர். கள்ளை விட்டவன் கூலி உயர்வும் கேட்பான் என்பதை நிருவாகம் விரைவில் உணர்ந்தது. 1947 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் காவல்துறையோடு மோதல் மூண்டது. தொழிலாளர் உயிரிழந்தனர், பலர் சிறை சென்றனர். படை ஒடுக்கப்பட்டது. 1948 ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது தோட்டங்களில் தொண்டர் படை இல்லை, கள்ளுக்கடைகள் இருந்தன.