மெட்டுக்கு மேலே சம்பாத்தியம், கீழே வீடு

சிங்கப்பூரிலோ துபாயிலோ பத்துப் பதினைந்து வருஷம் உழைத்துவிட்டு, உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஊர் திரும்பி உட்கார்ந்துவிட வேண்டும் என்பதை நம் காலத்துக் கணக்கு என்று நினைக்கிறோம். போடிநாயக்கனூருக்கு அது பழைய கணக்கு. சுதந்திரம் வரை, ஊருக்கு மேலே உள்ள போடிமெட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் வேற்று ராஜ்யம். திருவிதாங்கூர் மகாராஜாவின் மண்ணில் செலாவணி 'சக்கரம்' என்ற காசு. தபாலுக்குக்கூடத் தனி 'அஞ்சல்'. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறியவர்கள் ஏலக்காட்டில் குடியேறப் போகவில்லை, சம்பாதித்து இறங்கப் போனார்கள். அப்படி இறங்கி உட்கார முடிந்தது யாரால்? கையில் தொழில் இருந்தவரால் அல்ல, காய்க்கு உரிமை இருந்தவரால் என்பதே என் வாதம்.

தொழில் சாதாரணமானதல்ல. ஏலச்செடியின் அடியில் தரையோடு தரையாகக் கிடக்கும் சரத்தில் எல்லாக் காயும் ஒன்றாக முற்றாது. விதை கறுத்ததை மட்டும், பழுக்கும் முன், குனிந்தபடியே கிள்ள வேண்டும். பிஞ்சில் கை பட்டால் அடுத்த எடுப்பு நஷ்டம். ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்து மறுபடி அதே செடி. காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு மிஞ்சினால் பச்சை போகும். பச்சை போனால் விலை போகும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்துதான் ஒரு கிலோ ஆகிறது. இவ்வளவு நுணுக்கம் தெரிந்தும் 1896 வரை பயிரிட்டவருக்கே காய் சொந்தமில்லை. ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகம். விளைந்ததை ஒப்படைத்து, அரசு கொடுத்த பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு ஏகபோகம் போய் நிலத்தீர்வை வந்தது. தீர்வை கட்டியவர் காயை யாருக்கும் விற்கலாம். தோட்டம் மேலே, வீடும் கணக்குப்பிள்ளையும் கீழே என்ற வாழ்க்கைக்கு அப்போதுதான் வழி பிறந்தது.

போடியை வளர்த்தது 1928-இல் வந்த மதுரை ரயில்தானே என்று கேட்கலாம். சரக்கு ஏன் போடிக்கு இறங்கியது என்பதற்கு ரயில் பதில் சொல்லும். லாபம் யார் வீட்டில் தங்கியது என்பதற்குச் சொல்லாது. கேரளத்துக் கூலி கீழே கிடைப்பதைவிட அதிகம், அதனால்தானே ஆட்கள் போகிறார்கள் என்பது இன்னும் கனமான மறுப்பு. உண்மைதான். கடன் அடைந்திருக்கிறது, பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஆனால் எடுப்புக்கு எடுப்பு வரும் கூலி, எடுப்பு நின்றால் நின்றுவிடும். 2019-இல் கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்ட விலை காய் வைத்திருந்தவருக்கு வந்த விலை. கிள்ளியவருக்கு அன்றைக்கும் நாள் கூலிதான். ஓய்வு என்பது வேலை செய்யாத நாளிலும் வருமானம் வருவது. அதை நிலம் தரும், சரக்கு தரும், கைப்பழக்கம் தராது.

ஏலக்காயை ஏலம் விடும் ஊர் என்று சொல்லும்போதே சொல் இரட்டிக்கிறது. ஊருக்குள் ஏலச்செடி கிடையாது. ஆனாலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலை போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும்தான் படிகிறது. எடுப்புக் காலத்தில் விடியும் முன் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மெட்டு ஏறுகின்றன, பொழுது சாய இறங்குகின்றன. அவற்றில் தலை நரைத்தவர்களும் இருக்கிறார்கள்.