சின்னமனூர் மலையில் மோதிய விமானம்



நம் போடிக்குப் பக்கத்திலேயே, சின்னமனூர் மலையில் ஒரு பயணிகள் விமானம் மோதியது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1971 டிசம்பர் 9. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம். இருந்த 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். விமான ஊழியர் நால்வரும் போய்விட்டார்கள். பத்துப் பேர் பிழைத்ததுதான் அதிசயம். பாகிஸ்தானுடன் போர் நடந்த நேரம். அன்றிரவே நமது குக்ரி போர்க்கப்பலும் மூழ்கியது. அந்தச் செய்திகளுக்கிடையே இந்த 21 உயிர்கள் எங்கே தெரியும்?

போர்க்காலம் என்றதும் சதி என்று தோன்றும். அப்படியில்லை. மதுரைக்குச் சுமார் 50 மைல் இருக்கும்போதே விமானம் தாழ இறங்கிக்கொண்டிருந்தது. பகல்தான், ஆனால் பார்வை தெளிவில்லை. ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறவர்களுக்குக் கார்த்திகை மாத மலையைச் சொல்ல வேண்டியதில்லை; மேகம் இறங்கினால் அடுத்த செடி தெரியாது. உயரமானியோ கடல் மட்டத்திலிருந்துதான் கணக்குச் சொல்லும். 4,000 அடி என்பது மதுரைக்கு மேலே தாராளம். இங்கே அது மலையின் இடுப்பு. மலையைத் தாண்டிவிட்டோம் என்று விமானி நினைத்திருக்கலாம். தரை நெருங்குவதைக் கூவிச் சொல்லும் கருவி அப்போது புழக்கத்துக்கு வரவில்லை.

மூன்று வருடம் கழித்து, 1974 டிசம்பர் 4, இலங்கை மஸ்கெலியா மலையிலும் இதே கதை. கொழும்பில் இறங்க வந்த ஹஜ் பயணிகள் விமானம் மோதி 191 பேரும் மாண்டார்கள்.

சின்னமனூர்ப் பக்கம் மீட்கப் போன பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள்.