இரு அலைகள்: ஹொக்குசாயின் கடலும் ஜோர்டனின் கடலும்

கடலை வரைந்த ஓவியர் எல்லா நாட்டிலும் எக்காலத்திலும் இருந்துள்ளனர். கடலைக் காத்தல் வேண்டும் என்னும் நோக்குடன் வரைந்தோரோ மிக அண்மைக் காலத்தவராவர். நெடுங்காலமாக மனிதன் கடலை அஞ்சியே வாழ்ந்தான். தன்னை அழிக்கவல்லது எனக் கருதிய ஒன்றைத் தான் காத்தல் வேண்டும் என்ற எண்ணம் அவனுக்குத் தோன்ற இடமில்லை. இம்மனமாற்றத்தின் வரலாற்றை ஆவணங்களில் மட்டுமன்றி ஓவியங்களிலும் தேடலாம். ஏறத்தாழ 180 ஆண்டு இடைவெளியில் ஒரே அலையைச் சித்திரித்த இரு படைப்புகள் இவ்வகையில் ஒப்புநோக்கத் தக்கவை.

முதலாவது, யப்பானிய ஓவியர் கற்சுசிக்கா ஹொக்குசாய் (1760 - 1849) 1831ஆம் ஆண்டளவில் ஆக்கிய மரச்செதுக்கு அச்சுப்படமாகும். பியூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள் என்னும் வரிசையைச் சேர்ந்த இது, உலகோரால் 'பேரலை' எனப்படுகிறது. எழுபது வயதளவில் அவர் ஆக்கிய இப்படம் ஏறத்தாழ 25 சதமமீற்றர் உயரமும் 37 சதமமீற்றர் அகலமும் மட்டுமே கொண்டது. இடப்புறத்தே வானளாவ எழுந்த அலையொன்று நுரையை நகங்களாக விரித்து நிற்கிறது. அதன் கீழே மூன்று வள்ளங்கள். அவற்றிலே குனிந்து துடுப்பைப் பற்றியிருக்கும் மனிதர். நடுவே, வெகு தொலைவில், பனி மூடிய பியூஜி மலை மற்றொரு சிற்றலைபோலத் தோன்றுகிறது. யப்பானியர் வலமிருந்து இடமாகப் படிக்கும் வழக்கினர். ஆதலால் அவர்தம் பார்வை வள்ளங்களோடு சென்று அலையை நேருக்குநேர் எதிர்கொள்ளும். இவ்வள்ளங்கள் எடோ நகரச் சந்தைக்குப் புதுமீன் கொண்டுசெல்லும் விரைவு வள்ளங்கள் என்பர். எனவே இது உழைக்கும் மக்களின் வாழ்வைப் பற்றிய படமுமாகும்.

இப்படத்தின் நீலநிறத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பேர்லின் நகரிற் கண்டுபிடிக்கப்பட்ட பிரசிய நீலம், சீன, ஒல்லாந்த வணிகர் வழியாக யப்பானை அடைந்தது. வெளியுலகத் தொடர்பு பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டிருந்த அக்காலத்திலும் கடல்வழி வணிகம் ஓவியரின் வண்ணத்தட்டு வரை எட்டியிருந்தது. கடலின் சீற்றத்தைக் காட்டும் நிறம் கடல் கடந்தே வந்தமை நோக்கற்பாலது.

இரண்டாவது, ஐக்கிய அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கிறிஸ் ஜோர்டன் 2009இல் ஆக்கிய 'நீர்ச்சுழல்' என்னும் பொருள்படும் தலைப்புடைய படைப்பு. எட்டு அடி உயரமும் பதினொரு அடி அகலமும் கொண்ட இது மூன்று பலகங்களாலானது. தொலைவில் நின்று காண்போருக்கு இது ஹொக்குசாயின் அலையே. நெருங்கிச் செல்ல அலை மறைகிறது. பிளாஸ்ரிக் துண்டுகளே எஞ்சுகின்றன. பசிபிக் சமுத்திரத்திலிருந்து சேகரித்த பொருட்களைப் புகைப்படமெடுத்து இணைத்து உருவாக்கிய இப்படத்தில் 24 இலட்சம் துண்டுகள் உள்ளன. ஒரு மணித்தியாலத்திலே உலகக் கடல்களிற் சேரும் பிளாஸ்ரிக், இறாத்தல் கணக்கில், அத்தொகையினது என்பது அன்றைய மதிப்பீடு.

சாள்ஸ் மூர் என்னும் படகோட்டி 1997இல் ஹவாயிலிருந்து கலிபோர்ணியாவுக்குத் திரும்பும் வழியில், வட பசிபிக் சுழலிலே பிளாஸ்ரிக் மிதக்கக் கண்டமை இத்தலைப்பின் பின்னணியாகும். நீரோட்டங்கள் வட்டமிடும் அப்பரப்பில், வந்து சேர்ந்த குப்பை எளிதில் வெளியேறுவதில்லை.

இரு படங்களும் வடிவத்தில் ஒன்றே, பொருளிலே நேர்மாறானவை. ஹொக்குசாயின் அலை மனிதனுக்குப் புறம்பானது. ஜோர்டனின் அலை மனிதனாற் செய்யப்பட்டது. முன்னையதில் வள்ளத்திலுள்ளோர் இயற்கையின் முன் சிறியராய், ஆயினும் தளராதவராய் உள்ளனர். பின்னையதில் வள்ளமும் அலையும் ஒரே குப்பையாலானவை. புனிதமெனப் போற்றப்படும் மலையும் அதற்கு விலக்கன்று. கெடுதி தீண்டாத புறவிடம் எதுவும் அப்படத்தில் இல்லை.

ஆயினும் இப்படைப்பின்மீது இரு வினாக்களை எழுப்புதல் அவசியம். முதலாவது, கடலிலுள்ள பிளாஸ்ரிக் அலையாகத் திரண்டு காட்சிதருவதில்லை என்பதாகும். பசிபிக் குப்பைப் பரப்பைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வொன்றின்படி, அங்குள்ள துண்டுகளுள் 94 வீதமானவை மிக நுண்ணியவை. கண்ணுக்குத் தெரியாது பரவிக்கிடப்பதை ஓரிடத்திற் குவித்துக் காட்டுவதால் ஓவியம் காட்சியளவிற் பொய்யுரைக்கிறது. எனினும், காணமுடியாததைக் காணச்செய்ய வேறு வழியில்லை. இதனைக் கலையின் உரிமையாக ஏற்கலாம்.

இரண்டாவது வினா கடினமானது. இவ்வலையை எழுப்பியவர் யார்? படம் 'மனிதர் அனைவரும்' என விடையளிப்பதாகத் தோன்றுகிறது. மேற்குறித்த ஆய்வின்படி, அப்பரப்பிலுள்ள பிளாஸ்ரிக்கின் நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கு மீன்பிடி வலைகளாகும். ஆகவே வீட்டுப் பாவனையாளர் மட்டும் இதற்குப் பொறுப்பாளிகளல்லர்.

எண்களும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவையல்ல. 2015இல் வெளியான ஆய்வொன்று, 2010ஆம் ஆண்டில் 48 இலட்சம் முதல் 127 இலட்சம் தொன் வரையான பிளாஸ்ரிக் நிலத்திலிருந்து கடலை அடைந்ததாகக் கணித்தது. ஜோர்டனின் எண்ணை ஆண்டுக்குப் பெருக்கினால் ஏறத்தாழ 95 இலட்சம் தொன் ஆகும். அது இவ்வெல்லைக்குள்ளேயே அமைகிறது. ஆனால், அதே ஆய்வு முறையாக அகற்றப்படாத பிளாஸ்ரிக் கழிவில் இலங்கையை உலகின் ஐந்தாம் இடத்தில் வைத்தது. இலங்கையர் ஒருவர் நாளொன்றுக்கு 5.1 கிலோகிராம் கழிவை உண்டாக்குகிறார் என்பது அதற்கு அடிப்படை. ஐக்கிய அமெரிக்கருக்கு அவ்வாய்வு கொண்ட அளவு 2.58 கிலோகிராமே. செல்வந்த நாட்டவரைப்போல் இருமடங்கு கழிவை இந்நாட்டவர் உண்டாக்குகின்றனர் என்பது எளிதில் ஏற்கத்தக்கதன்று. மூலத்தை ஐயுறாத வரலாறும், எண்ணை ஐயுறாத கண்டனமும் ஒரே குறையுடையன.

2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, யூன் மாதத்தில் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளைச் சுமந்திருந்தது. மேற்குக் கரையில் வெண்மணலோடு கலந்து ஒதுங்கிய அம்மணிகள் எவராலும் பாவித்து எறியப்பட்டவையல்ல. பொருளாக உருப்பெறுமுன்னரே கடலைச் சேர்ந்த மூலப்பொருள். தொழில் இழந்து கரையில் நின்ற நீர்கொழும்பு மீனவரும், ஹொக்குசாயின் வள்ளத்தில் மீன் கொண்டுசென்றோரும் ஒரே தொழில்வழிப்பட்டவர். முன்னையோரைத் தாக்கிய அலையை அவர்கள் எழுப்பவில்லை.

ஜோர்டனின் படம் கடலின் கேட்டை மறுக்கமுடியாதவாறு கண்முன் நிறுத்துகிறது. அதன் சிறப்பு அதுவே. அவ்வலையை எழுப்பியோர் யார், அதன் கீழ் அகப்பட்டோர் யார் எனப் பிரித்தறியும் பொறுப்பை அது பார்வையாளரிடமே விட்டுவிடுகிறது. அப்பொறுப்பை ஏற்காத இரக்கம் ஓவியத்தை வியப்பதோடு நின்றுவிடும், கடலைக் காவாது.