ஆரவாரக் கோஷம் (விளையாட்டு)

விளையாட்டுப் போட்டிகளைக் காணக் கூடும் ஜனத்திரள், தன் பக்கத்து வீரர்களுக்கு உற்சாகமூட்டவும் எதிர்ப் பக்கத்தாரைத் தளர்விக்கவும் எழுப்பும் கூட்டுக்குரல், கைத்தட்டல், சீழ்க்கை, மேளவோசை ஆகியவற்றின் தொகுதி இப்பெயரால் குறிக்கப்படும். ஊரபிமானமும் மொழியபிமானமும் தேசாபிமானமும் இதில் ஒன்றோடொன்று கலந்தே வெளிப்படுகின்றன. இக்கட்டுரை தமிழ்நாட்டில் அது வளர்ந்த வகையை, கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரங்களையும் உள்ளடக்கிக் கூறுகிறது.

பழைய இலக்கியச் சான்றுகள்: மற்போரைக் கண்டு நின்ற கூட்டத்தின் குரலைப் பதிவு செய்துள்ள தொன்மையான தமிழ்ச் சான்றுகளுள் புறநானூற்றின் 80 முதல் 85 வரையிலான பாட்டுகள் தலையாயவை. உறையூர்த் தித்தனின் மகனான போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூரில் ஒரு மல்லனோடு பொருது வென்ற செய்தியைச் சாத்தந்தையார் முதல் மூன்று பாட்டுகளிலும், பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் அடுத்த மூன்றிலும் பாடுகின்றனர். இவற்றுள் 85ஆம் பாட்டு இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருங்கியது. கிள்ளிக்கு அவ்வூரும் சொந்த ஊரன்று, அந்நாடும் சொந்த நாடன்று. ஆதலால், கூடியிருந்தோரில் ஒரு சாரார் வெற்றி அவனுடையதே என்கின்றனர், மற்றொரு சாரார் இல்லையென்று மறுக்கின்றனர். அவன்மேல் காதல் கொண்ட பெண்ணோ, காற்சிலம்பு ஒலிக்க ஓடி, தன் வீட்டருகே முழவு போல் அடிபருத்து நின்ற பனையைப் பற்றி நின்று, வென்றவன் அவனே என்பதைத் தன் கண்ணாலேயே கண்டுகொள்கிறாள். அயலூர்க்காரன் ஒருவன் களத்தில் இறங்கும்போது உள்ளூர்க் கூட்டம் இரண்டாகப் பிளவுபடும் இயல்பை இத்தனை சுருக்கமாகச் சொன்ன சான்று வேறொன்று கிடைப்பது அரிது. ஆமூர் இன்றைய எவ்வூர் என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. பெரும்பாலோர் அதனைத் திருச்சிராப்பள்ளிப் பக்கத்ததாகக் கொள்வர். அப்பரடிகள் பிறந்த கடலூர் மாவட்டத் திருவாமூரோடு அதனை இணைப்பதற்குப் பெயரொற்றுமையைத் தவிர வேறு ஆதாரம் காட்டப்படவில்லை.

கலித்தொகையின் முல்லைக்கலி, ஏறுதழுவலைப் பரண்மேல் இருந்து பார்த்த ஆயர் மகளிரையும் அங்கு முழங்கிய பறையையும் வர்ணிக்கின்றது. இதற்குப் பிற்பட்ட பல நூற்றாண்டுகளில் அரசவைகளில் மற்போர் நடந்தமைக்குக் குறிப்புகள் உண்டு. பார்வையாளர் குரலைப் பற்றிய விவரம் சொற்பம்.

சடுகுடுப் பாட்டு: கிராமப்புறத்தில் இக்கோஷத்தின் மூலவடிவம் பார்ப்போரிடமன்றி ஆடுவோரிடமே இருந்தது. சடுகுடுவில் எதிர்க்களம் புகுவதற்குப் ‘பாடிப் போவது’ என்றே வழக்கு. மூச்சு விடாமல் பாடிக்கொண்டு செல்பவன், தன் பாட்டன் பெயரையும் குலப்பெருமையையும் கூறி, எதிரிகளுக்குத் தான் எமனென்று பறைசாற்றுவான். எதுகையும் மோனையும் துள்ளும் இப்பாட்டுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. சர்வதேச விதிகள் ‘கபடி’ என்னும் ஒரு சொல்லையே இடையறாது உச்சரிக்க வேண்டுமென வரையறுத்தபின், போட்டிக் களங்களிலிருந்து இவை மறைந்து சிறுவர் விளையாட்டில் ஒதுங்கின. விளையாட்டு ஒழுங்குபட்டதால் விளைந்த லாபங்கள் பல. நஷ்டங்களுள் இது ஒன்று.

வீராணம் ஏரியின் பாசனத்தில் சம்பா விளையும் காட்டுமன்னார்கோயில், குமராட்சிப் பகுதிகளில், தை மாதத்து அறுவடையும் பொங்கலும் ஒட்டி வரும் நாட்களே கபடிப் போட்டிகளுக்கு உரிய காலம். தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கிய மண்ணில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, மூங்கில்களில் குழல்விளக்குக் கட்டி, இரவு முழுவதும் ஆட்டம் நடைபெறும். ஒலிபெருக்கியில் வர்ணிப்பவர் வீரர்களைப் பெயர் சொல்லி அழைப்பதைவிட ஊர் சொல்லி அழைப்பதே மிகுதி; கோட்டைச் சுற்றிக் குந்தியிருப்போர் ‘விடாதே’, ‘காலைப் பிடி’, ‘அமுக்கு’ என்று எழுப்பும் குரல்களுக்கு இடையே, ஆடுபவனின் ‘கபடி, கபடி’ சில சமயம் நடுவர் காதுக்கே எட்டாமற் போவதும், மூச்சு விட்டானா இல்லையா என்னும் வழக்கு அதிலிருந்து கிளம்புவதும் உண்டு. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி இடம்பெற்று இந்தியா தங்கம் வென்றபின், ஊர்ப்பெயர் முழங்கிய இவ்வாட்டத்துக்குத் தேசப்பெயரும் உரியதாயிற்று.

ஆங்கிலேயர் காலம்: 1846இல் நிறுவப்பட்ட சென்னைக் கிரிக்கெட் கழகம் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. அதன் சேப்பாக்கம் மைதானத்தில் இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் இருந்து பகலுணவு கொள்ள நேர்ந்த அவமதிப்பே புச்சிபாபு நாயுடு 1888இல் சென்னை ஐக்கிய கிளப்பைத் தொடங்கக் காரணம் என்பர். ஐரோப்பியரும் இந்தியரும் எதிரெதிரே மோதிய ராஜதானிப் போட்டி அவருடைய முயற்சியின் பயன்; 1908ஐ அதன் தொடக்கமாகச் சொல்வாரும் உளர், 1915க்குப் பின்பே அது ஒழுங்காக நடந்தது என்பாரும் உளர். புச்சிபாபு 1908இலேயே காலமானார். பொங்கலையொட்டி நடந்த இப்பந்தயம், சர்க்கார் உத்தியோகஸ்தரும் வக்கீல்களும் மாணவரும் ஆளும் இனத்தாரின் தோல்வியைத் தண்டனைக்கு அஞ்சாமல் கைதட்டிக் கொண்டாடக்கூடிய அரிய சந்தர்ப்பமாயிருந்தது. சி. கே. நாயுடு அடித்த ஒரு பந்து மைதானத்தைக் கடந்து வெகுதூரத்துத் தென்னை மரத்தடியில் விழுந்த கதை நெடுநாள் சொல்லப்பட்டு வந்தது. தூரம் சொல்பவருக்கேற்ப நீண்டது.

அரசியல் கோஷம் விளையாட்டரங்கில் புகுந்த பிரசித்தமான நிகழ்ச்சி கல்கத்தாவைச் சேர்ந்தது. 1911 ஜூலை 29இல் மோகன் பகான் கால்பந்து அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவினரை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றபோது, ஜனங்கள் ‘வந்தே மாதரம்’ என்று முழங்கியதாகக் கூறுவர். அச்சொல் தமிழ்நாட்டில் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பாரதியார், வ.உ.சி. ஆகியோர் வாயிலாகப் பரவியிருந்தது. மற்றோர் அரசியல் கோஷமான ‘ஜெய் ஹிந்த்’தைச் செண்பகராமன் பிள்ளை படைத்தார் என்று தமிழகத்திலும், அபித் ஹசன் படைத்தார் என்று வேறிடங்களிலும் சொல்லப்படுகிறது. பள்ளி மைதானங்களில் இவையிரண்டும் புகுந்த பின்னும், ஆங்கிலேயர் விட்டுச்சென்ற ‘ஹிப் ஹிப் ஹுர்ரே’ தேகப்பயிற்சி ஆசிரியர்களின் தலைமையில் வெகுகாலம் நிலைத்திருந்தது.

தமிழ்நாட்டுக்கு வெளியே, யாழ்ப்பாணத்தில் 1904 முதல் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே நடந்துவரும் ‘வடக்கின் பெரும் போர்’ என்னும் கிரிக்கெட் பந்தயம், கல்லூரி அபிமானத்தில் எழும் ஆரவாரத்துக்குப் பெயர்போனது.

சுதந்திரத்துக்குப் பின்: 1952 பிப்ரவரியில் விஜய் ஹசாரேயின் தலைமையில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைச் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தின்மேல் அடைந்தது, வினு மன்கட் 12 விக்கெட்டுகள் வீழ்த்தினார். பொங்கல் டெஸ்ட் என வழங்கிய ஆட்டங்களுள் 1975 ஜனவரியில் விசுவநாத் ஆட்டமிழக்காமல் எடுத்த 97 ஓட்டங்களுக்குக் கிடைத்த வரவேற்பு தனித்துக் குறிப்பிடப்படும்.

சேப்பாக்கத்துக்குச் செல்ல வாய்க்காத பெரும்பான்மையோருக்கு இவ்வாரவாரம் வானொலி வழியாகவே அறிமுகமாயிற்று. ராமமூர்த்தி, சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் ஆகியோர் அகில இந்திய வானொலியில் செய்த தமிழ் வர்ணனை சிற்றூர்த் தேநீர்க்கடைகளில் கூட்டம் சேர்த்தது. விக்கெட் விழுந்ததை வர்ணனையாளர் சொல்லி முடிக்குமுன்பே, அவர் குரலுக்குப் பின்னால் பொங்கும் இரைச்சலைக் கொண்டே கேட்போர் அதனை ஊகித்துவிடுவர். சேப்பாக்கத்தின் கூச்சல் முடியுமுன் கடையின் கூச்சல் தொடங்கிவிடும்.

1999 சேப்பாக்கம் டெஸ்ட்: தமிழகத்துப் பார்வையாளர் வரலாற்றில் இதனளவு பேசப்பட்டதும் எழுதப்பட்டதும் வேறில்லை. பாகிஸ்தான் அணி பல ஆண்டுகளுக்குப்பின் டெஸ்ட் ஆட இந்தியா வந்தபோது எதிர்ப்பு மூண்டு, டெல்லி மைதானத்தின் ஆடுகளம் ஜனவரியில் தோண்டிச் சேதப்படுத்தப்பட்டது. அதன் விளைவாக முதல் டெஸ்ட் சென்னைக்கு மாற்றப்பட்டது. ஜனவரி 28இல் பலத்த காவலுடன் தொடங்கிய ஆட்டத்தில் 271 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்னும் நிலையில், இந்தியா 82 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்தது. டெண்டுல்கர் முதுகுவலியோடு போராடி, மோங்கியாவின் துணைகொண்டு ஆட்டத்தைத் திருப்பினார். அவருடைய ஒவ்வோர் ஓட்டத்துக்கும் அரங்கம் எழுந்தெழுந்து முழங்கியது. அவர் 136 ஓட்டங்கள் எடுத்து, வெற்றிக்கு இன்னும் 17 ஓட்டங்களே வேண்டியிருக்கையில், சக்லைன் முஷ்டாக்கின் பந்தை உயரத் தூக்க, வாசிம் அக்ரம் அதனைப் பிடித்தார். மீதி மூன்று விக்கெட்டுகளும் நான்கே ஓட்டங்களில் சரிந்தன. ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை, பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றது.

அதன்பின் அரங்கில் நிலவிய மௌனம் ஒரு கணமே என்பாரும், சில நிமிடங்கள் என்பாரும் உண்டு. முதலில் கைதட்டியது எந்தப் பகுதி என்பதிலும் நேரில் கண்டோர் கூற்றுகள் ஒத்துவரவில்லை. ஐயத்துக்கிடமில்லாதது இது: வென்ற அணி மைதானத்தைச் சுற்றி வலம் வந்தபோது, கூட்டம் எழுந்து நின்று இடைவிடாது கரகோஷம் செய்தது. அணித்தலைவர் அக்ரம் அதனைப் பிற்காலத்தில் பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். இதற்கு முன்னோடியாக, 1997 மே 21இல் இதே மைதானத்தில் சயீத் அன்வர் இந்தியாவுக்கெதிராக 194 ஓட்டங்கள் எடுத்தபோது கிடைத்த பாராட்டைச் சிலர் சுட்டுவர். சேப்பாக்கத்தார் ஆட்ட ஞானம் உடையவர் என்னும் விளக்கம் சென்னைப் பத்திரிகைகளுக்கு உவப்பானது. எல்லைப் பகைமையின் தாக்கம் தெற்கே குறைவு என்பது வேறு சிலர் துணிபு. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஒப்பிட்டு அறிவதற்கு: அடுத்த மாதமே கல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் அதே இரு அணிகள் மோதிய டெஸ்டில் கலகம் மூண்டு, பார்வையாளர் வெளியேற்றப்பட்டு, கடைசி விக்கெட்டுகள் ஏறக்குறைய வெற்று அரங்கில் வீழ்ந்தன.

சீழ்க்கையும் காவிரியும்: 2008இல் ஐ.பி.எல். தொடங்கியபின் ‘விசில் போடு’ சென்னை அணியின் கோஷமாயிற்று. திரைக்கொட்டகையின் தரைவகுப்பில் அதுவரை அடக்கமற்றதென்று கருதப்பட்ட சீழ்க்கை, மஞ்சள் சட்டை அணிந்த குடும்பங்களின் கௌரவமான பொழுதுபோக்காக உயர்ந்தது. ராஞ்சியிலிருந்து வந்த தோனியைத் ‘தல’ என்று தமிழர் சொந்தம் கொண்டாடியதைக் காண, நக்கண்ணையாரின் பாட்டு நினைவுக்கு வராமற் போகாது. ஆயினும் 2013இல், ஈழத்தமிழர் பிரச்சினையின் கொந்தளிப்பால், இலங்கை வீரர்கள் சென்னையில் ஆட அனுமதிக்கப்படவில்லை.

2018 ஏப்ரல் 10ஆம் நாள் இவ்வரலாற்றில் காட்டுமன்னார்கோயிலுக்கு மறைமுகமான சம்பந்தம் உள்ள நாள். காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கப்படாததைக் கண்டித்துத் தமிழ்நாடெங்கும் போராட்டம் நடக்கையில் கிரிக்கெட் களியாட்டம் தகாது என்று சேப்பாக்கத்தின் வெளியே மறியல் நடந்தது. உள்ளே, கொல்கத்தா அணியோடு ஆட்டம் நடக்கும்போதே, காவிரிக்கான கோஷத்தோடு காலணிகள் மைதானத்தில் வீசப்பட்டன. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியே வீராணத்தை அடையும் காவிரி நீரே காட்டுமன்னார்கோயில் வயல்களை விளைவிப்பது. 2004 முதல் அவ்வேரி நீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் செல்கிறது. ஆதலால் அன்று அரங்கில் விசில் ஊதியவரும் அரங்கின் வாயிலில் முழங்கியவரும் ஒரே ஏரித் தண்ணீருக்கு உரியவரே. எஞ்சிய சென்னை ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட, ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்கள் ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்னும் தனி ரயிலில் அங்குச் சென்றனர். காவிரி மேலாண்மை ஆணையம் அவ்வாண்டு ஜூன் மாதம் அமைந்தது.

அண்மைக் காலம்: 2023 அக்டோபரில் அகமதாபாத்தில் பாகிஸ்தானின் ரிஸ்வான் ஆட்டமிழந்து திரும்பும்போது எழுந்த மதக் கோஷத்தைத் தமிழக விளையாட்டுத்துறை அமைச்சராயிருந்த உதயநிதி ஸ்டாலின் கண்டித்தார். அதுபற்றி இரு பக்கத்திலும் வாதங்கள் எழுந்தன. அதே மாதம் 23ஆம் நாள் சேப்பாக்கத்தில் ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை எட்டு விக்கெட்டுகளில் வென்றபோது, அரங்கம் ஆப்கானியரைக் கொண்டாடியது.

அதற்கு இரண்டு மாதம் முன்னர், 2023 ஆகஸ்டு 12 அன்று, எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசிய ஹாக்கி இறுதியாட்டத்தில் இந்தியா பாதி ஆட்டத்தில் 1-3 எனப் பின்தங்கி, முடிவில் மலேசியாவை 4-3 என்று வென்றது. கூடியிருந்தோர் ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘வந்தே மாதரம்’ பாட்டை ஒரே குரலாகப் பாடினர். அவ்வணியின் முன்கள வீரர்களுள் ஒருவரான கார்த்தி செல்வம் அரியலூரைச் சேர்ந்தவர். காட்டுமன்னார்கோயில் வட்டத்துக்கு மேற்கே அடுத்திருப்பது அரியலூர் மாவட்டமே.