உதட்டில் எழுதிய புரோநோட்டு

1968ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது சிகாகோ வீதிகளில் விழுந்த தடியடியைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்குப் பிறகு அமெரிக்கக் கட்சிகளின் மாநாடு வேறு வடிவம் எடுத்துவிட்டது. வேட்பாளர் யார் என்பது மாநிலங்களில் நடக்கும் முன்தேர்தல்களிலேயே முடிவாகிவிட, மாநாட்டுக்கு மிஞ்சியது மேடையும் பேச்சும்தான். அந்தப் பேச்சும் உள்ளே இருக்கும் பிரதிநிதிகளுக்காக அல்ல. அவர்கள் எப்படியும் கைதட்டுவார்கள். அதற்குத்தானே தொப்பியும் பதாகையுமாக வந்திருக்கிறார்கள். வீட்டில் டிவி முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'சரி, பார்க்கலாம்' என்று எழுந்து போகிறாரே, அவருக்காகத்தான் அத்தனை பேச்சும். இந்த வாரம் அவர் கதை.

1984 ஜூலை 19, சான் பிரான்சிஸ்கோ. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் வால்டர் மாண்டேல் மேடையேறினார். அதிபர் கார்ட்டர் காலத்தில் துணை அதிபராக இருந்தவர், மின்னசோட்டாக்காரர், ஆரவாரம் இல்லாத மனிதர். எதிரே அதிபர் ரீகன். வரியைக் குறைத்து, ராணுவச் செலவைக் கூட்டி, 1983ல் பற்றாக்குறையை 20,000 கோடி டாலருக்கு மேல் கொண்டுபோயிருந்தார் ரீகன். அதை யாராவது அடைத்துத்தான் ஆக வேண்டும் என்பது கணக்கு தெரிந்த எல்லோருக்கும் தெரியும். மாண்டேல் அதை வாய்விட்டுச் சொன்னார்: "உண்மையைப் பேசுவோம். ரீகன் வரியை உயர்த்துவார், நானும் உயர்த்துவேன். அவர் உங்களிடம் சொல்லமாட்டார். நான் இப்போது சொல்லிவிட்டேன்."

அரங்கம் அதிர்ந்தது. நேர்மையான மனிதர், துணிச்சலான பேச்சு என்று கட்சிக்காரர்களுக்கு ஒரே பூரிப்பு. மாண்டேல் சொன்னதில் பொய்யும் இல்லை. சொல்லப்போனால் அதற்கு முதல் நாள்தான், ஜூலை 18 அன்று, பற்றாக்குறையைக் குறைக்கிறேன் என்று சில வரிகளைக் கூட்டும் சட்டத்தில் ரீகனே கையெழுத்திட்டிருந்தார். 1982லும் உயர்த்தியிருந்தார். ஆனால் செய்துவிட்டுச் சொல்லாமல் இருப்பவருக்கும், செய்வதற்கு முன்பே சொல்பவருக்கும் உள்ள வித்தியாசத்தை நவம்பர் காட்டியது. 50 மாநிலங்களில் 49 ரீகனுக்கு. மாண்டேலுக்குச் சொந்த மண்ணான மின்னசோட்டாவும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும். மின்னசோட்டாவிலும் 4,000 வாக்குக்குக் குறைவான வித்தியாசத்தில்தான் தப்பித்தார்.

இடையில் ஒரு சின்னக் கூத்து. அதே ஆண்டு ஆகஸ்டில் டல்லஸில் கூடிய ரீகனின் குடியரசுக் கட்சி, தேர்தல் அறிக்கையில் ஒரு காற்புள்ளிக்காகச் சண்டை போட்டது. புள்ளி இல்லாவிட்டால், 'பொருளாதார மீட்சியைக் கெடுக்கிற மாதிரியான வரி உயர்வை மட்டும் எதிர்க்கிறோம்' என்று பொருள். புள்ளி வைத்தால், 'எந்த வரி உயர்வையும் எதிர்க்கிறோம், ஏனென்றால் அது மீட்சியைக் கெடுக்கும்' என்று பொருள். புள்ளி வைத்தவர்கள் ஜெயித்தார்கள். நான்கு வருஷம் கழித்து ஒரு தலைவரை அது எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பார்க்கப்போகிறோம்.

மாண்டேல் தோற்றது உண்மை பேசியதால்தான் என்று அரசியல்வாதிகள் பாடம் படித்துக்கொண்டார்கள். எனக்கு அது பாதிப் பாடமாகவே படுகிறது. 1985ல் ஸ்டான்லி கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர், டெட்ராய்ட்டை ஒட்டிய மெக்கோம்ப் கவுன்ட்டியில் மக்களை உட்கார வைத்துப் பேசவிட்டார். கார் ஆலைத் தொழிலாளர்களும் தொழிற்சங்கக் குடும்பங்களும் நிறைந்த பகுதி. 1960ல் ஜனநாயகக் கட்சியின் கென்னடிக்குக் குவித்துப் போட்டவர்கள் 1984ல் ரீகனுக்குப் போட்டிருந்தார்கள், மூன்றில் இரண்டு பங்குப் பேர். அவர்கள் காதில் ஜனநாயகக் கட்சி பேசிய 'நியாயம்' என்ற சொல்லே வேறு மாதிரி விழுந்தது: யாருக்கோ கொடுக்க என் சட்டைப் பையில் கைவிடுகிறார்கள். அந்த 'யாரோ' பெரும்பாலும் கறுப்பினத்தவர் என்பதையும் அந்த வெள்ளைக்காரத் தொழிலாளர்கள் மறைக்கவில்லை. ஆக, மாண்டேலின் உண்மையை அவர்கள் நம்பாமல் இல்லை. முழுக்க நம்பினார்கள். 'உயர்த்துவேன் என்கிறாரா, உயர்த்தத்தான் போகிறார், நம்மிடமிருந்துதான்' என்று நம்பினார்கள்.

1988க்கு வருவோம். எட்டு வருஷம் ரீகனுக்குத் துணை அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ் (மகன் அல்ல, அப்பா) வேட்பாளர். எதிரே மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ். மே மாதக் கருத்துக்கணிப்புகளில் புஷ் நன்றாகவே பின்தங்கியிருந்தார். அந்த மாதக் கடைசியில் நியூஜெர்சியின் பரமஸ் ஊரில் 30 பேரை இரண்டு குழுவாக உட்கார வைத்தார்கள். எல்லோரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள், ஆனால் 1984ல் ரீகனுக்குப் போட்டவர்கள். இந்த முறை டுகாகிஸ் பக்கம் சாய்ந்திருந்தவர்கள். ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் புஷ்ஷின் ஆட்கள் லீ அட்வாட்டரும் ரோஜர் எய்ல்ஸும். கொலைக் கைதிக்கு வார இறுதி விடுப்பு தரும் திட்டம் டுகாகிஸ் மாநிலத்தில் இருந்தது, பள்ளிகளில் ஆசிரியர்கள் கொடி உறுதிமொழியை நடத்தியாக வேண்டும் என்ற மசோதாவை அவர் தடுத்தார் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்ல, ஏறக்குறையப் பாதிப்பேர் மனம் மாறினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு மாநாட்டுப் பேச்சின் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது.

ஜூலையில் அட்லாண்டாவில் ஜனநாயகக் கட்சி மாநாடு. இது கொள்கைக்கான தேர்தல் அல்ல, திறமைக்கான தேர்தல் என்றார் டுகாகிஸ். மாநாடு முடிந்ததும் 17 புள்ளி முன்னிலை. அந்த 17ஐ நம்பி அவர் கொஞ்சம் அசந்துவிட்டார்.

ஆகஸ்ட் 18, நியூ ஆர்லியன்ஸ், சூப்பர்டோம் அரங்கம். புஷ்ஷுக்கு டுகாகிஸ் மட்டும் பிரச்சினை இல்லை, சொந்தக் கட்சியே அவரைச் சந்தேகித்தது. 1980 முன்தேர்தலில் ரீகனின் வரிக்குறைப்புத் திட்டத்தைப் 'பில்லிசூனியப் பொருளாதாரம்' என்று கேலி செய்தவர் அவர். பழைய பேச்சு உள்ளவர் சாதாரணமாக ஒரு வாக்குக் கொடுத்தால் எடுபடாது. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தால்தான் உண்டு. பேச்சை எழுதிய பெக்கி நூனன் அந்தச் சத்தியத்தை எழுதினார். ஆலோசகர் ரிச்சர்ட் டார்மன் போன்றவர்கள், நாளைக்குக் கையைக் கட்டிவிடும் என்று பயந்து அதை எடுக்கப் பார்த்தார்கள். நூனன் விடவில்லை.

நாடாளுமன்றம் (காங்கிரஸ்) என்னை நெருக்கும், முடியாது என்பேன், மறுபடி நெருக்கும், மறுபடி முடியாது என்பேன், அப்புறமும் நெருக்கினால் சொல்வேன் என்று ஏற்றிக்கொண்டே போய், ஆங்கிலத்தில் ஆறே சொற்களில் முடித்தார் புஷ்: "என் உதட்டைப் பாருங்கள்: புது வரி கிடையாது!" காதில் விழாவிட்டாலும் உதட்டசைவைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளுங்கள் என்ற அழுத்தம் அது. பரமஸில் எடுபட்ட விடுப்பும் கொடியும் பேச்சில் வந்தன. கடைசியில் அரங்கம் முழுவதும் அவரோடு சேர்ந்து கொடி உறுதிமொழியைச் சொன்னது.

நவம்பரில் புஷ்ஷுக்கு 40 மாநிலங்கள். ஆனால் வாக்களிக்கும் வயதில் இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. 1924க்குப் பிறகு அவ்வளவு மந்தமான வாக்குப்பதிவு இல்லை.

தமிழில் 'வாக்கு' என்றால் கொடுத்த சொல்லும்தான், போட்ட ஓட்டும்தான். ஒன்றை வாங்க இன்னொன்றைக் கொடுக்கிறார்கள் என்பது நம் மொழியிலேயே இருக்கிறது. புஷ் கொடுத்தது வெறும் வாக்கு அல்ல, தேதி போடாத புரோநோட்டு. வாங்கியவர் அதை மடித்து வைத்துக்கொண்டார்.

1990ல் பற்றாக்குறை கழுத்தை நெரித்தது. இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில். வேடிக்கை, பேச்சிலிருந்து அந்தச் சத்தியத்தை எடுக்கச் சொன்ன டார்மன்தான் இப்போது பட்ஜெட் இயக்குநர். ஜூன் 26 அன்று வெள்ளை மாளிகையிலிருந்து ஒரு சிறிய அறிக்கை வந்தது. தேவைப்படும் நடவடிக்கைகளின் பட்டியலில் 'வரி வருவாய் உயர்வு' என்ற சொற்கள் இருந்தன. 'வரி உயர்வு' என்று நேராகச் சொல்லக்கூட வாய் வரவில்லை பாருங்கள். புஷ்ஷின் கட்சியிலேயே நியூட் கிங்ரிச் கொடி பிடித்தார். அக்டோபரில் முதல் ஒப்பந்தம் கீழவையில் தோற்று, அரசு அலுவலகங்கள் சில நாள் முடங்கி, நவம்பர் 5 அன்று ஒருவழியாகச் சட்டமானது. உச்ச வருமான வரி 28லிருந்து 31 சதவீதம் ஆனது, பெட்ரோல் வரி காலனுக்கு 5 சென்ட் ஏறியது. பெரிய தொகை இல்லை. ஆனால் கணக்குப் பார்த்தவர்கள் தொகையைப் பார்க்கவில்லை.

வளைகுடாப் போர் வெற்றியில், 1991 தொடக்கத்தில் 89 சதவீதம் பேர் புஷ்ஷை மெச்சினார்கள். மறு வருஷம் நியூ ஹாம்ப்ஷயர் முன்தேர்தலில் சொந்தக் கட்சியின் பேட் புக்கானன் அந்த உதட்டுக் காட்சியை விளம்பரத்தில் ஓட்டி, பதவியில் இருக்கும் அதிபருக்கு எதிராக 37 சதவீதம் வாங்கினார். ஆகஸ்டில் ஹூஸ்டன் மாநாட்டில் புஷ், வரி உயர்வுக்கு ஒத்துக்கொண்டது தப்புதான் என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார். ஆனாலும் வரியை வெறுத்தவர்கள் மன்னிக்கவில்லை. வரியை ஏற்றுக்கொண்டவர்களும் இவர் எந்தப் பக்கம் என்று குழம்பினார்கள். வாக்கை மீறியதைவிட, மீறியதற்காக வருந்தியதுதான் பெரிய பிழை என்பது என் கட்சி.

அக்டோபர் 15, ரிச்மண்டில் வேட்பாளர் விவாதம். கேலப் நிறுவனம் தேர்ந்தெடுத்த, இன்னும் முடிவெடுக்காத சுமார் 200 வாக்காளர்கள். நடுவில் மூன்று வேட்பாளர்கள். டிவி முன்னால் தட்டோடு இருந்தவரே எழுந்து நேரே அரங்கத்துக்கு வந்த மாதிரி. தேசத்தின் கடன் உங்கள் சொந்த வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று ஒரு பெண் கேட்டார். கேள்வி வந்துகொண்டிருந்தபோது புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, கேள்வி சரியாகப் புரியவில்லை என்றார். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பில் கிளிண்டன் அந்தப் பெண்ணை நோக்கி நடந்துபோய்ப் பதில் சொன்னார்.

நவம்பரில் கிளிண்டனுக்கு 43 சதவீதம், புஷ்ஷுக்கு 37, சுயேச்சை ராஸ் பெரோவுக்குக் கிட்டத்தட்ட 19. நடுத்தர வர்க்கத்துக்கு வரியைக் குறைப்பேன் என்று சொல்லி வந்த கிளிண்டன் அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டு, பெட்ரோல் வரியை மேலும் 4.3 சென்ட் ஏற்றினார். 1998ல் அமெரிக்க பட்ஜெட் உபரியைத் தொட்டபோது, 1990 ஒப்பந்தம் போட்ட அடித்தளத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று பொருளாதார வல்லுநர்கள் பலர் சொன்னார்கள்.

2014ல் கென்னடி நூலக அறக்கட்டளை, அரசியல் துணிச்சலுக்கான தன் விருதை 89 வயது புஷ்ஷுக்கு அறிவித்தது. காரணமாகச் சொன்னது, அவர் வாக்கு மீறிப் போட்ட அந்த 1990 ஒப்பந்தம். அவர் போகவில்லை, பேத்தி போய் வாங்கி வந்தார்.

(தொடரும்)