கதிர்வீச்சு

கதிர்வீச்சு (பெயர்ச்சொல்): கதிர் + வீச்சு. ஞாயிற்றின் கிரணத்துக்கும் நெல்லின் கதிருக்கும் நூல் நூற்கும் கருவிக்கும் பெயராய் நிற்கும் ‘கதிர்’ என்னும் சொல்லோடு, வீசுதல் என்னும் வினையடியாகப் பிறந்த ‘வீச்சு’ இணைந்து, சக்தியானது அலைகளாகவோ நுண்துகள்களாகவோ ஒரு பொருளினின்று வெளிப்பட்டுப் பரவுவதைக் குறிக்கும் விஞ்ஞானச் சொல்லாயிற்று. ஆரக்காலையும் ஒளிக்கிரணத்தையும் ஒருங்கே குறித்த ‘ரேடியஸ்’ என்னும் லத்தீன் சொல்லே இதற்கு நிகரான ஐரோப்பியச் சொற்களுக்கு மூலம். யுரேனியம் போன்ற பதார்த்தங்கள் தாமே கதிர்களை வெளிவிடும் இயல்புக்கு 1898இல் கியூரி தம்பதியர் அம்மூலத்திலிருந்தே பெயர் அமைத்தனர். அவ்வியல்பைக் ‘கதிரியக்கம்’ என்றும், அதனால் வெளிப்படுவதைக் ‘கதிர்வீச்சு’ என்றும் பிரித்து வழங்குதல் முறை.

எக்ஸ் கதிர், காமாக் கதிர் முதலியவை சரீரத்துள் புகுந்து, அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பெயர்த்து, உயிரணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. இழையை நேராகவும், நீர் சிதைந்து உண்டாகும் வினைத்துகள்களின் வாயிலாகவும் அறுக்கின்றன. அறுபட்டதை உயிரணு செவ்வனே சீர்ப்படுத்தினால் தீங்கில்லை. இயலாதபோது அது மடியும். பிழைபடச் சீர்ப்படுத்தினால், பல்லாண்டு கழித்துப் புற்றுநோய்க்கு வித்தாகவும் கூடும். இடைவிடாது பிரிந்து பெருகும் உயிரணுக்களே எளிதில் ஊறுபடுமாதலால், எலும்பு மஜ்ஜையும் குடலின் உட்சவ்வும் முதலில் நலிகின்றன. 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீச்சினின்று உயிர்தப்பியவரிடையே சில ஆண்டுகளில் இரத்தப் புற்றுநோய் மிகுந்ததும் மஜ்ஜை ஊறுபட்டதன் விளைவே. அதே இயல்பைத் துணைக்கொண்டு, பெருகும் புற்றுக்கட்டியை அழிக்கக் கதிரை அளந்து செலுத்தும் சிகிச்சையும் அமைந்தது. ஆகையால், இச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அஞ்சுவதினும், அளவு யாது, பட்ட அவயவம் யாது என்று வினவுதலே அறிவுடைமையாகும்.