மண்ணுக்குள்ளேயே நிறம்



எங்கள் குழுவில் சுடுமண் நகைப் பயிற்சி எடுத்தோம். தோடு, ஜிமிக்கி, பதக்கம் எல்லாம் மண்ணில் செய்து, சுட்டு, மேலே பெயிண்ட் அடிப்போம். வேர்வை பட்டுப் பட்டு கொஞ்ச நாளில் பெயிண்ட் உரிந்துவிடும். “உரியாம செய்ய முடியாதாக்கா?” என்று பயிற்சி கொடுத்த அக்காவிடம் கேட்டேன். “மேலே பூசுனா உரியத்தான் செய்யும். நிறத்தை மண்ணுலயே கலந்து பிசையணும்” என்று சொல்லி, போனில் ஒரு படம் காட்டினார். சின்ன வெள்ளை வில்லை. அதில் கை கால்களில் சங்கிலியோடு மண்டியிட்ட ஒரு கறுப்பு மனிதர். “இது வெள்ளை மண்ணு, அது கறுப்பு மண்ணு. 200 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் நிறம் போகலை” என்றார். அந்த வில்லையின் கதையைத் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வில்லையைச் செய்தவர் இங்கிலாந்துக் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட். 1730-ல் பர்ஸ்லெம் என்ற ஊரில் குயவர் குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஒன்பது வயதில் அப்பா இறந்துபோனார். பெரியம்மை வந்து ஒரு கால் பலவீனமாகி, காலால் உதைத்துச் சுற்றும் சக்கரத்தில் உட்கார முடியாமல் போனது. பிறகு அந்தக் காலையே எடுத்துவிட்டார்கள். சக்கரம் கைவிட்டுப் போனாலும் மண்ணை அவர் விடவில்லை. எந்த மண்ணோடு எதைக் கலந்தால் என்ன ஆகும் என்று சோதித்துக்கொண்டே இருந்தார். சோதனைக் குறிப்புகளை ரகசியக் குறியீட்டில் எழுதி வைப்பார். மனைவி சாராவும் அந்தக் குறியீட்டைக் கற்றுக்கொண்டு கூட உதவினார்.

ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பிறகு, 1774-75 வாக்கில், ஜாஸ்பர் என்ற மண் கலவையைச் சரியாகக் கண்டுபிடித்தார். வெள்ளைக் களிமண்ணோடு பேரியம் சல்பேட் என்ற கல்லை அரைத்துச் சேர்ப்பார்கள். அதில் கோபால்ட் கலந்தால் நீலம். வேறு வேறு உலோகத் தாதுக்கள் கலந்தால் வேறு வேறு நிறம். மேலே மினுக்குப் பூச்சு எதுவும் கிடையாது. அச்சில் வெள்ளை மண்ணை அழுத்தி உருவம் எடுத்து, தண்ணீர் தொட்டு, நிற மண்ணின் மேல் ஒட்டி, இரண்டையும் சேர்த்தே சூளையில் சுடுவார்கள். கஷ்டம் எதில் என்றால், இரண்டு மண்ணும் ஒரே அளவு சுருங்க வேண்டும். ஒன்று கூடச் சுருங்கினால் விரிசல் விட்டுப் பிய்ந்துவிடும். மண் வேலை செய்யும் நமக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் ஆப்பிரிக்க மக்களைக் கப்பலில் அடைத்து, கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாக விற்றார்கள். அந்தச் சர்க்கரைதான் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு டீயில் போட்டது. 1787-ல் இந்த வியாபாரத்தை ஒழிக்க லண்டனில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். வெட்ஜ்வுட்டும் அதில் சேர்ந்தார். சங்கத்தின் முத்திரையை ஜாஸ்பர் மண்ணில் வில்லையாகச் செய்தார். உயரம் 3 சென்டிமீட்டர், நம்முடைய பத்து ரூபாய் காசைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. சுற்றிலும் “நான் ஒரு மனிதன் இல்லையா, உங்கள் சகோதரன் இல்லையா?” என்ற கேள்வி. அதை விற்கவில்லை, சும்மாவே கொடுத்தார். 1788-ல் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளினுக்கும் ஒரு பொட்டலம் அனுப்பினார்.

இதைப் பெண்கள் கைக்காப்பில் பதித்தார்கள், கொண்டை ஊசியில் வைத்தார்கள். அன்றைக்கு அந்தப் பெண்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் வீட்டுக்கு என்ன வாங்குவது என்பது அவர்கள் கையில் இருந்தது. 1791-ல் அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் தோற்றதும், அடிமைகள் விளைத்த சர்க்கரை வேண்டாம் என்று பலர் நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தியவர்கள் 3 லட்சம் பேர் இருக்கும் என்று சங்கத்தைச் சேர்ந்த தாமஸ் கிளார்க்சன் கணக்குச் சொன்னார். அடுப்படியில் எடுத்த முடிவு அது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த வில்லையில் அவர் மண்டியிட்டுக் கெஞ்சுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அடிமைகள் கெஞ்சிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. அதே 1791-ல் ஹெய்ட்டித் தீவில் எழுந்து போராடி, 1804-ல் தனி நாடே அமைத்தார்கள்.

அடிமை வியாபாரம் 1807-ல் சட்டப்படி நின்றது. ஆனால் ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்களுக்கு விடுதலை இல்லை. 1825-ல் பர்மிங்ஹாமில் பெண்கள் தனியாக ஒரு சங்கம் வைத்தார்கள். நம்மைப் போலவே பை தைத்து விற்றார்கள், வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். “நான் ஒரு பெண் இல்லையா, உங்கள் சகோதரி இல்லையா?” என்ற படமும் அந்தக் காலத்தில் வந்தது. ஆண்கள் நடத்திய தலைமைச் சங்கம் “படிப்படியாக விடுதலை” என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1830-ல் இந்தப் பெண்கள், “படிப்படியாக என்ற வார்த்தையை எடுத்தால்தான் எங்கள் 50 பவுண்டு நன்கொடை வரும்” என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த மாதமே அந்த வார்த்தை போய்விட்டது! 1833-ல் சட்டம் வந்தது. ஆனாலும் அரசாங்கம் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது முதலாளிகளுக்கு. அடிமையாக உழைத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அடிமைகள் போனதும் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே. 1834-லிருந்து மொரீஷியஸ் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் நாட்டு மக்களைக் கொண்டுபோனார்கள், அதில் தமிழர்களும் உண்டு. 1860-ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன முதல் கூலிக் கப்பல் நம் சென்னையிலிருந்துதான் கிளம்பியது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டைத்தான் பாரதியார் பாடினார். அடிமை என்ற பெயர் மாறியது, கரும்புத் தோட்டம் மாறவில்லை.

இதைப் படித்த பிறகு எனக்கு இரண்டு விஷயம் மனதில் நின்றது. சட்டம் வந்துவிட்டது என்று நாம் பார்வையை எடுக்கக் கூடாது. இன்னொன்று, நம் கையில் இருக்கும் பணம் சின்னதாக இருந்தாலும், எதற்குக் கொடுப்போம், எதற்குக் கொடுக்க மாட்டோம் என்று சேர்ந்து சொன்னால் பெரியவர்களும் கேட்டுத்தான் ஆக வேண்டும். நம்முடைய சந்தாவும் சேமிப்பும் அப்படிப்பட்ட பணம்தான். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதும்போது அந்த 50 பவுண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் இப்போது செம்மண்ணையும் வெள்ளை மண்ணையும் சேர்த்துப் பிசைந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். முதலில் சுட்டது விரிசல் விட்டது. இன்னும் செய்து பார்ப்போம்.